இரண்டாவது வாளி

குளியலறைக் குழாயைத் திருகினால் முதலில் தண்ணீர் வராது, கேள்வி வரும். செந்நெல்லையில் வெள்ளிக்கிழமைதோறும் காலை ஆறு மணிக்கு இதுதான் வழக்கம். இடுப்பில் துண்டும் கையில் சோப்புமாக நின்றிருந்த ஆவுடையப்பனிடம், குழாய் அன்றும் தேன் ஒழுகும் பெண் குரலில் கேட்டது.

"வணக்கம். பெருமை ஏரித் திட்டத்தைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?"

வாயால் பதில் சொல்லத் தேவையில்லை. சொன்னாலும் குழாய் காதில் போட்டுக்கொள்ளாது. செந்நெல்லைக்காரர்கள் ஒவ்வொருவருக்கும் வலது காதின் பின்புறம், தோலுக்கு அடியில், கடுகளவு உளமானி ஒன்றைப் பதித்திருக்கிறார்கள். கேள்வி காதில் விழுந்த கணத்தில் மனத்தில் மறுப்பு எழுகிறதா என்று அது அளந்துவிடும். மறுப்பு இல்லையென்றால் அந்த வாரம் முழுக்கத் தினமும் இரண்டு வாளி வெந்நீர். இருந்தால் ஒரு வாளி பச்சைத் தண்ணீர்.

ஆவுடையப்பன் கண்ணை இறுக மூடிக்கொண்டு, 'அருமையான திட்டம், அருமையான திட்டம்' என்று மனத்துக்குள் உருப்போட்டார். ஆனால் அதற்கு அரை நொடி முன்பே, 'ஊருக்கே குளிக்கத் தண்ணி இல்ல, இதுல ஏரி ஒண்ணுதான் கேடு' என்று மனசு முந்திக்கொண்டுவிட்டது. ஒரு வாளி பச்சைத் தண்ணீர் விழுந்தது. குழாய் நன்றி சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டது. வெளியே குளிர் மைனஸ் அறுபது. செவ்வாய் கிரகத்தில் பச்சைத் தண்ணீர்க் குளியல் என்பது விரோதிக்குக்கூட வரக்கூடாத ஒன்று.

செந்நெல்லை அறுபது ஆண்டுகளுக்கு முன் தாமிரபரணிக் கரையிலிருந்து கிளம்பிய முந்நூறு குடும்பங்கள் செவ்வாயில் அமைத்த காலனி. கண்ணாடியும் எஃகும் கலந்து குடைபோல் கவிந்த எட்டுக் கவிகைகளுக்குள் பதினோராயிரத்துச் சொச்சம் பேர் வாழ்கிறார்கள். செவ்வாயிலேயே குடியிருப்பவர்களுக்குச் செவ்வாய் தோஷம் உண்டா, இல்லையா என்று அங்குள்ள சோதிடர்கள் அன்றுமுதல் இன்றுவரை வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். மற்றபடி எல்லாவற்றிலும் ஒரே கருத்துதான்.

கருத்துச் சுதந்திரத்துக்கு அங்கே குறைவே கிடையாது. 'எவரும் எக்கருத்தும் கொள்ளலாம். கருத்துக்காக எவரும் தண்டிக்கப்படார்' என்பது அரசியல் சாசனத்தின் நான்காம் விதி. அதை வெண்கலத்தில் வார்த்து மன்ற வாசலில் பதித்திருக்கிறார்கள். வாரம் ஒருமுறை பளபளவென்று துடைக்கிறார்கள். இதுவரை யாரையும் தண்டித்ததும் இல்லை. சலுகை மட்டும்தான் தருகிறார்கள். வண்டியில் முதலில் ஏறும் சலுகை, கடையில் முதலில் வாங்கும் சலுகை, மின்தூக்கியில் நிற்காமல் போகும் சலுகை. எல்லாருக்கும் உண்டு, கருத்து வேறுபட்டவர்களுக்கு மட்டும் இல்லை. தண்ணீர் விஷயமும் அப்படித்தான். முன்பு ஆளுக்கு மூன்று வாளி என்று இருந்தது. ஒன்றை ஏரி எடுத்துக்கொண்டது. ஒன்று உரிமை என்று நின்றது. மிச்சம் இருந்ததற்குச் சலுகை என்று பெயர் வைத்து, நன்றி சொல்லி வாங்கிக்கொள்ளும்படி செய்தார்கள்.

ஏரி, காலனித் தலைவர் தளவாயின் கனவு. பூமிக்கு வெளியே சூரிய மண்டலத்திலேயே மனிதன் வெட்டிய முதல் ஏரி, நடுவில் படகுத்துறை, கரையில் அவர் உட்காரச் சிமெண்டு நாற்காலி. நான்கு ஆண்டுகளாகப் பனிச் சுரங்கத்துத் தண்ணீர் அதில் விழுந்துகொண்டிருக்கிறது. ஆவுடையப்பன் காற்று வடிகட்டி பழுதுபார்க்கிறவர். ஏரியிலிருந்து எழும் ஈரம் வடிகட்டிகளில் பூஞ்சையாகப் படிவதைத் தினமும் கையால் வழித்துப் போட்டுவந்தவர். அதனால்தான் ஏரி என்ற சொல்லைக் கேட்டாலே அவர் மனசு சும்மா இருக்க மறுத்தது. இப்போதெல்லாம் வழித்துப் போடவும் யாரும் கூப்பிடுவதில்லை. வீட்டோடு சேர்ந்து இருமுகிறார்களே ஒழிய, சலுகை இல்லாதவரை வாசற்படி ஏற்ற எவருக்கும் துணிவில்லை. ஏனென்றால் தொடர்புக் கழிவு என்று ஒன்று இருந்தது. சலுகை இழந்தவரோடு பத்து நிமிடத்துக்கு மேல் முகம் பார்த்துப் பழகினால், பழகியவரின் சலுகையும் ஒரு மாதத்துக்குப் போய்விடும். ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கு விலக்கு. குடும்ப அமைப்பைக் காப்பதில் சட்டம் அவ்வளவு அக்கறையாக இருந்தது.

தலை துவட்டிக்கொண்டு வெளியே வந்தவரை மனைவி கோமதி ஏற இறங்கப் பார்த்தாள். பல் கிட்டித்துப்போயிருந்ததிலேயே அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"இந்த வாரமும் ஊத்திக்கிச்சா?"

"நெனைக்கக் கூடாதுன்னுதான் பாக்கேன் கோமதி. அது தானா வருது."

"தானா வருமாம். எனக்கெல்லாம் வரலியே. ஒரு வாளித் தண்ணி தாரேன்னா ஏரி என்ன, சமுத்திரமே வெட்டிக்கோங்கன்னு சொல்லிட்டுப் போவேன்."

அவளுக்கு இரண்டு வாளி வரும். அதில் ஒரு செம்புகூட அவருக்குத் தரமாட்டாள். கல்நெஞ்சுக்காரி என்பதற்காக இல்லை. இப்படியாவது புத்தி வருமா என்ற நைப்பாசைதான்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை பூமாவுக்கு வளைகாப்பு. ஞாவகம் இருக்கில்லா?" என்றாள். அதைச் சொல்லும்போது குரலில் இருந்த வேகம் போய்விட்டது. "நாப்பத்தஞ்சு வீட்டுக்குச் சொல்லிட்டு வந்திருக்கேன். அத்தன பேரும் ஒரே மாதிரி கேட்டாவ, 'அண்ணாச்சி பாஸாயிட்டாவளா'ன்னு. எதுத்த வீட்டு இசக்கியம்மா நம்ம பிள்ளையத் தூக்கி வளத்தவ. அவளே வாசல்ல நின்னுட்டு, 'ஆசையாத்தான் இருக்கு மதினி, எங்க வீட்டுல மூணு பேருக்குச் சலுக போயிருமே'ங்கா. நான் என்ன சொல்ல?"

பூமா அவர்களுடைய ஒரே பெண். செவ்வாயில் பிறந்தவளுக்கு இந்தப் பெயரை வைத்தது ஆவுடையப்பன்தான். கலியாணமாகி ஆறு வருடம் கழித்து இப்போதுதான் உண்டாகியிருக்கிறாள். மாப்பிள்ளைக்குப் பனிச் சுரங்கத்தில் வேலை; லீவு கிடையாது. பிள்ளைத்தாய்ச்சியின் இரண்டு கைகளிலும் நாலு சுமங்கலிகள் வளையல் போட்டு, கன்னத்தில் சந்தனம் தடவி, வயிறு குளிர வாழ்த்திவிட்டுப் போக வேண்டும். செவ்வாய்க்கே வந்தாலும் அந்த ஆசை மட்டும் மாறவில்லை. உள்ளறையில் பூமா பட்டுப்புடவையை மடியில் வைத்து மடிப்பு நீவிக்கொண்டிருந்தாள். அப்பா பார்ப்பது தெரிந்ததும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவரை அடித்ததுபோல் இருந்தது. இன்னும் ஒரே ஒரு வெள்ளிக்கிழமைதான் பாக்கி.

மறுநாளே அவர் மூன்றாம் கவிகையில் இருந்த இணக்கப் பயிற்சி மையத்துக்குப் போனார். தேர்வு என்று ஒன்று இருந்தால் அதற்கு ட்யூஷன் இல்லாமல் நம்மவர்களால் இருக்க முடியுமா? 'ஆறே வாரத்தில் ஒப்புதல். அவசரக்காரர்களுக்கு ஆறு நாள். வினா வங்கி இலவசம். வகுப்புக்குள் தொடர்புக் கழிவு கிடையாது' என்று பலகை மின்னியது. நடத்தியவர் வெயிலுமுத்து சார். முன்பு கணக்கு வாத்தியார். செந்நெல்லையில் முக்கால்வாசிப் பேர் அவரிடம் படித்துத் தேறியவர்கள். வகுப்பில் இருந்த எல்லாருமே சின்ன வயசு. அரியர் வைத்தவர் போல ஆவுடையப்பன் கடைசி பெஞ்சில் ஒடுங்கி உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி, நீங்க பண்ணுத தப்பு என்ன தெரியுமா?" என்றார் வெயிலுமுத்து சார். "ஏரி நல்லதுன்னு நெனைக்கப் பாக்கிய. அது உங்களால ஆகாது. யாராலயும் ஆகாது. ஏரி நல்லதுன்னு நெனச்சா யாரு பாஸாயிருக்கா?"

"அப்ப எல்லாரும் எப்படி பாஸாகுதாவ?"

"உளமானி ஆதரவ அளக்கல அண்ணாச்சி. மறுப்பத்தான் அளக்குது. மறுப்பு இல்லேன்னா ஆதரவுன்னு எழுதிக்கிடும். அதுனால கேள்வி வந்ததும் உள்ள ஒரே ஒரு வரிதான் ஓடணும். 'நமக்கு எதுக்கு வம்பு.' அவ்வளவுதான் சிலபஸ்."

வகுப்பு முழுவதும் ஒரே குரலில் அதைச் சொல்லிக் காட்டியது. வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி ராகம்கூட இருந்தது. ஆவுடையப்பனும் சொன்னார். ஆனால் அவருக்கு 'வம்பு' என்று முடிப்பதற்குள் பூஞ்சை பிடித்த வடிகட்டி ஒன்று கண்முன் வந்து நின்றது. ஆறு நாளும் விடாமல் போனார். வீட்டில் அடுப்படி ஓரம் நின்று முணுமுணுத்தார். வண்டியில் போகும்போது முணுமுணுத்தார். வியாழக்கிழமை சாயங்காலம் பயிற்சிக் கருவி முதல்முறையாகப் பூச்சியம் காட்டியது. வெயிலுமுத்து சார் அவர் முதுகில் தட்டிக்கொடுத்தார். கோமதி ஓட்டமாக ஓடி நாற்பத்தைந்து வீட்டுக்கும் சொல்லிவிட்டு வந்தாள். இசக்கியம்மாள் அப்போதே பெட்டியைத் திறந்து வளையல்களை எடுத்து வெளியே வைத்தாளாம்.

அந்த வெள்ளிக்கிழமை பார்த்துத்தானா தலைவர் தளவாய்க்கு ரோஷம் வர வேண்டும்?

மேற்கே இருநூறு கிலோமீட்டரில் புதுமங்கலம் என்று வேறொரு காலனி இருந்தது. அதன் தலைவர் ஒரு விருந்தில், 'உங்க ஊர் ஆதரவெல்லாம் ட்யூஷன்ல வாங்கினதுல்லா' என்று தளவாயைச் சீண்டிவிட்டார். தளவாய்க்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. தன் ஏரியை ஊரே உயிராக நேசிக்கிறது என்று அவர் மனப்பூர்வமாக நம்பினார். தலைவர்களுக்கு அந்த நம்பிக்கை எப்படித்தான் வருமோ, வந்துவிடுகிறது. உடனே, பூமியிலிருந்து வந்து கிடங்கில் கிடந்த ஆழ்மானி என்ற புதிய கருவியை வெளியே எடுக்கச் சொன்னார். உளமானி மனத்தின் மேல்தட்டை மட்டும் தடவிப் பார்க்கும். ஆழ்மானி அடிமட்டம்வரை இறங்கி, ஒருவர் உண்மையிலேயே என்ன நினைக்கிறாரோ அதை அப்படியே எழுத்தில் கொண்டுவந்துவிடும். வெள்ளிக்கிழமை காலை எல்லாரும் ஏரிக்கரையில் கூட வேண்டும் என்று அறிவிப்பு வந்தது. புதுமங்கலத்துத் தலைவரையும் வரவழைத்து முன்வரிசையில் உட்கார வைத்தார்கள்.

"என் மக்கள் மனசுல என்ன இருக்குன்னு இந்த உலகமே பாக்கட்டும்" என்றார் தளவாய். சலுகை விதி எவருக்காகவும் வளையாது, தனக்காகவும் வளையாது என்று மேடையிலேயே சொல்லி, அதை மாற்றும் அதிகாரத்தைத் தன்னிடமிருந்தே பறித்து இயந்திரத்திடம் கொடுத்துவிட்டார். பலத்த கைதட்டல்.

ஆழ்மானி கேள்வியைக் கேட்டது. ஆவுடையப்பன் சார் சொல்லிக்கொடுத்ததைச் சுத்தமாகச் செய்தார். ஒரு சொல் பிசகவில்லை. ஒரு நிமிடம் கழித்துப் பெரிய திரையில் முடிவு வந்தது.

ஏரி வேண்டும்: 1.
ஏரி வேண்டாம்: 1.
நமக்கு எதுக்கு வம்பு: 11,212.

பிறகு எங்கோ ஒருவர் கைதட்டினார். எதற்கு என்று தெரியாமல் எல்லாரும் தட்டினார்கள். முன்வரிசையில் இருந்த புதுமங்கலத்துக்காரர் ரொம்ப நேரம் தட்டினார். தளவாய் திரையைத் திரும்பத் திரும்பப் படித்தார். மெய்யாகவே ஏரி வேண்டும் என்று நினைத்த அந்த ஒரே ஒருவர் யார் என்று அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வேண்டாம் என்ற ஒருவரையும் எல்லாருக்கும் தெரியும். ஆறு நாள் ட்யூஷன் ஆழ்மானியிடம் எடுபடவில்லை.

இயந்திரம் பாரபட்சம் பார்க்காது. பெரும்பான்மைக் கருத்து எதுவோ அதற்கே சலுகை என்பது விதி. 'நமக்கு எதுக்கு வம்பு' என்பதே செந்நெல்லையின் அதிகாரபூர்வக் கருத்தாக அன்று மதியமே பதிவாகிவிட்டது. ஏதாவது ஒரு கருத்து வைத்திருக்கும் இருவரும், ஆதரவோ எதிர்ப்போ அதெல்லாம் கணக்கில்லை, சலுகை இழந்தார்கள். பெரும்பான்மைக் கருத்து இல்லாதவர் பதவியில் இருக்கவும் முடியாது. அதனால் தளவாய் இறக்கப்பட்டு, எல்லாரையும்விடத் தெளிவாக ஒன்றுமே நினைக்காதவர் என்று ஆழ்மானி சான்று கொடுத்த வெயிலுமுத்து சார் தலைவரானார். அவர் செய்த முதல் வேலை, அருங்காட்சியகத்தில் கிடந்த ஒரு தகரப் பலகையைக் கொண்டுவந்து மன்றத்தில் மாட்டியது. பூமியில் ஏதோ ஒரு டீக்கடையில் தொங்கியதாம். 'இங்கு அரசியல் பேசாதீர்கள்' என்று எழுதியிருந்தது. ஏரியை என்ன செய்வது என்று கீழே உள்ளவர்கள் கேட்டார்கள். அவர் பலகையைக் காட்டினார். நிறுத்தச் சொல்ல ஆள் இல்லாததால் தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பட்டுப்புடவையும் தலைநிறையச் செயற்கை மல்லிகையுமாகப் பூமா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். எதிரே தட்டுத் தட்டாக வளையல், சந்தனம், குங்குமம். அடுக்களையில் புளியோதரை, தேங்காய்ச் சோறு, எலுமிச்சைச் சோறு, தயிர்ச் சோறு எல்லாம் ஐம்பது பேருக்கு ஆறிக்கொண்டிருந்தன. ஒன்பது மணி முகூர்த்தம். ஒன்பதேகால் ஆயிற்று. எதிர்வீட்டில் திரைச்சீலை ஒருமுறை அசைந்து நின்றது.

"அப்பா, இசக்கி அத்தைகூட வரமாட்டாவளா?" என்றாள் பூமா.

ஆவுடையப்பன் வாசல்வரை போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். அவருக்குத் தன் மீதே வெறுப்பாக வந்தது. ஊரில் பதினோராயிரம் பேருக்குச் சும்மா இருக்கத் தெரிகிறது, உனக்கு மட்டும் என்ன கேடு என்று தன்னையே திட்டிக்கொண்டார். கோமதி தானே வளையலை எடுத்து மகள் கையில் போட ஆரம்பித்தாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் வாசலில் ஆள் வந்த சத்தம். கையில் ஒரு காகிதப் பையோடு நின்றவர் தளவாய்.

"கூப்பிடாம வந்துட்டேன். தப்பா நெனைக்கப்படாது" என்றார். இரண்டு நாள் பச்சைத் தண்ணீரில் குளித்ததில் மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. "எனக்கு இனிமே போறதுக்கு ஒண்ணுமில்ல. உமக்கும் இல்ல. அதான் தைரியமா வந்தேன். வீட்டுல அவளுக்கு முழங்கால் வலி, வர முடியல."

பையில் பச்சைக் கண்ணாடி வளையல் ஒரு டஜன் இருந்தது. கோமதி வாங்கிக்கொண்டாள். ஆவுடையப்பன், பெண்களுக்குக் கழிவு ஒட்டாதபடி வாசலோரமாக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, ஒரு தட்டுப் புளியோதரையும் கொடுத்தார். நான்கு ஆண்டுகளாகத் தன்னை நடுங்க வைத்த மனிதர் தன் வீட்டில் உட்கார்ந்து தும்முவதைப் பார்க்க அவருக்குக் கோபம் வரவில்லை. பாவமாகத்தான் இருந்தது.

"ஏரி வேண்டாம்னு எதுக்குவே நெனச்சீரு? நெசமாவே கேக்கேன்" என்றார் தளவாய்.

இந்தக் கேள்வியைப் பதிலுக்காகக் கேட்ட முதல் ஆள் அவர்தான். ஆவுடையப்பன் பூஞ்சையைப் பற்றிச் சொன்னார், குழந்தைகளின் இருமலைப் பற்றிச் சொன்னார், வாளியைப் பற்றிச் சொன்னார். தளவாய் இரண்டு இடத்தில் மறுத்தார். ஓரிடத்தில் குரலை உயர்த்தினார். ஆவுடையப்பனும் உயர்த்தினார். இருவருக்கும் வயசு இறங்கியதுபோல் இருந்தது. செந்நெல்லையில் அரசியல் பேச மிச்சமிருந்த இரண்டே பேர் அவர்கள்தான்.

பேச்சுக்கு நடுவே தெருவில் சக்கரங்கள் உருளும் சத்தம் கேட்டது. எதிர்வீட்டுக் கதவு திறந்து, இசக்கியம்மாளின் ஏவலி வெளியே வந்தது. பாத்திரம் தேய்த்து, வீடு பெருக்கும் இயந்திரம். அதற்கு உளமானி கிடையாது, ஆகவே தொடர்புக் கழிவும் கிடையாது. அதன் பின்னால் அடுத்த வீட்டு ஏவலி. அதற்குப் பின்னால் இன்னொன்று. தெருமுனைவரை வரிசை நின்றது. நாற்பத்தைந்து வீட்டுப் பெண்களும் யோசித்து வைத்ததுபோல் ஒரே வழியைக் கண்டுபிடித்திருந்தார்கள்.

இசக்கியம்மாளின் ஏவலி உள்ளே வந்து, ரப்பர் விரல்களால் பூமாவின் கன்னத்தில் சந்தனம் தடவியது. குங்குமம் வைத்தது. ஒரு கீறல் இல்லாமல் கைக்கு ஒரு வளையல் ஏற்றியது. பூமா முதலில் திகைத்தாள், பிறகு அழுதாள், பிறகு சிரித்தாள். கோமதி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஆரத்திக்குக் கரைக்கப் போனாள். ஆவுடையப்பனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. யார் கை என்றால் என்ன, பெண்ணின் கை நிறைந்ததே என்று நினைத்துக்கொண்டார்.

வளையல் போட்டு முடித்த ஏவலி நேராக அவரிடம் வந்தது. குனிந்து, அவர் காதோடு, இசக்கியம்மாளின் பதிவுசெய்த குரலில் குசுகுசுத்தது.

"அண்ணாச்சி, நீங்க சொல்லுததுதான் சரி. இந்த ஏரி நமக்கு எதுக்கு? ஒரு வாளியில தல முழுக முடியுதா? நான் சொன்னேன்னு யார்ட்டயும் சொல்லிராதீய."

சொல்லிவிட்டு வயிற்று அறையைத் திறந்து ஐந்தடுக்குத் தூக்குச்சட்டி ஒன்றை எடுத்து நீட்டியது. நேரில் வரத்தான் பயமே தவிர, வளைகாப்புச் சோற்றை விட்டுக்கொடுக்க யாருக்கும் மனசில்லை.

அடுத்த ஏவலியும் வளையல் போட்டது, காதோடு வந்தது, 'நீங்க சொல்லுததுதான் சரி' என்றது, தூக்குச்சட்டியை நீட்டியது. அதற்கடுத்ததும் அப்படியே. நாற்பத்தைந்து வீடு, நாற்பத்தைந்து குரல், ஒரே வசனம். ஊரே ஒரே மாதிரி நினைக்கிறது என்று தளவாய் அத்தனை மேடையில் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. தளவாய் கை காய்ந்துபோய், காலித் தட்டோடு இதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஒன்றும் காதில் விழவில்லை.

கடைசியாக நாற்பத்தாறாவதாக ஒன்று வந்தது. நல்ல பளபளப்பு, தோளில் பித்தளைப் பட்டை. தளவாய் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நம்ம வீட்டு ஏவலில்லா" என்றார். முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தீரா, வலியோட கெடக்கா, ஆனாலும் அனுப்பிருக்கா. ஊரு கைவிட்டாலும் வீட்டுல ஒருத்தி இருக்கால்லா."

அது வளையல் போட்டது. ஆவுடையப்பனின் காதுக்கு வந்தது. தளவாயின் மனைவி பிச்சம்மாளின் குரல் கேட்டது.

"அண்ணாச்சி, நீங்க சொல்லுததுதான் சரி. ஏரின்னு இவுக வாயத் தொறந்த அன்னைக்கே எனக்குப் பிடிக்கல. இருபத்தெட்டு வருசமா இவுக யோசன ஒண்ணுகூட எனக்குச் சரின்னு பட்டதில்ல. இவுகட்ட மட்டும் சொல்லிராதீய."

"என்ன சொல்லுதா?" என்று கேட்டார் தளவாய். பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பையனைப்போல் அவர் ஆவுடையப்பனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆவுடையப்பன் வாயைத் திறந்தார். நான்கு வருடம் ஒரு வாளிப் பச்சைத் தண்ணீரில் குளித்தும் பொய் நினைக்கத் தெரியாத மனிதர். தளவாயின் ஒழுகும் மூக்கைப் பார்த்தார், நிறைந்த கைகளோடு உட்கார்ந்திருந்த மகளைப் பார்த்தார், தூக்குச்சட்டிகளின் வரிசையைப் பார்த்தார். நாளைக்குப் பிறக்கப்போகும் பிள்ளைக்குப் பெயர் வைக்கவும் இந்த ஊர்தான் வர வேண்டும்.

"பிள்ளைக்குச் சுகப்பிரசவம் ஆகணும்னு சொல்லுதாக" என்றார்.

வெயிலுமுத்து சார் ஆறு நாளில் சொல்லித்தர முடியாதது அந்த ஒரு நொடியில் தானாகவே வந்துவிட்டது. அது அவ்வளவு இதமாக இருக்கும் என்று அவர் நினைத்ததே இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை, இப்போது ஆழ்மானியோடு இணைத்திருந்த குழாய் வழக்கம்போல் கேட்டது. இரண்டு வாளி வெந்நீர் கொட்டியது. ஆவுடையப்பன் முக்கால் மணி நேரம் குளித்தார். அன்று சாயங்காலமே இசக்கியம்மாளும் மற்றவர்களும் நேரில் வந்து, பூமாவைச் சுற்றி உட்கார்ந்து, பலகாரம் கொடுத்துக் கதை பேசினார்கள். ஏரியைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வடிகட்டி துடைக்க இருபது வீட்டில் அவரைக் கூப்பிட்டார்கள்.

இரண்டு வாரத்தில் ஏரி நிரம்பியது. திறப்பு விழாவுக்கு ஊரே திரண்டு வந்தது. படகுத்துறையில் நீண்ட வரிசை. அந்த வரிசை போகும் வழியில் தளவாய் தன்னந்தனியாக, ஓர் அட்டையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார். மூன்று வாரப் பச்சைத் தண்ணீர் அவருக்கு எல்லாவற்றையும் விளங்க வைத்திருந்தது. அட்டையில் 'ஏரி வேண்டாம்' என்று எழுதியிருந்தது. ஜனங்கள் அவர் இருக்கும் பக்கமே பார்க்காமல் நகர்ந்தார்கள்.

மனைவி மகளோடு வந்துகொண்டிருந்த ஆவுடையப்பனைக் கண்டதும் அவர் ஒரு அடி முன்னால் வந்தார்.

"வே, நீரு அன்னைக்குச் சொன்னது அத்தனையும் வாஸ்தவம்வே. இத மூடணும். நாம ரெண்டு பேரும் சேந்து நின்னா நாலு பேரு கேப்பாவ. என்ன நெனைக்கீரு?"

பத்து நிமிடம் ஆக இன்னும் ஒன்பதரை நிமிடம் இருந்தது. ஆவுடையப்பன் முன்னும் பின்னும் பார்த்தார். பிறகு குனிந்து, அவர் காதோடு சொன்னார்.

"அண்ணாச்சி, நீங்க சொல்லுததுதான் சரி. நான் சொன்னேன்னு யார்ட்டயும் சொல்லிராதீய."

சொல்லிவிட்டு, பூமாவின் வளையல் கையைப் பிடித்து மெல்லப் படகில் ஏற்றினார்.